கலயத்தில் இருந்த மண்

"வேலு, லைட்டைப் போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போது காலை பதினோரு மணி. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக வெயில் அவர் கண் கட்டின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. நான் எழுந்து போய் சுவிட்சைத் தட்டினேன். "போட்டுட்டேன்" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

போன ஆடி மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. காலை ஷிப்ட். உலையிலிருந்து கசடை வழித்துக் கொட்டும் இடத்தில் எங்கோ ஈரம் இருந்திருக்கிறது. உருகிய கசடு ஈரத்தில் பட்டால் வெடிக்கும். வெடித்தது. முகக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அந்த ஒரு நொடிதான்.

அன்று மத்தியானமே சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா நல்ல மாதிரி. மறைக்காமல் சொன்னார். வலது கண்ணில் கருவிழி மேலாக வெந்திருக்கிறது, இடது கண்ணில் ஆழமாக வெந்திருக்கிறது. இரண்டுக்கும் மெல்லிய சவ்வு வைத்துக் கட்டியிருக்கிறோம். பத்தாம் நாள் எடுத்துப் பார்த்தால்தான் பார்வை வருமா, எவ்வளவு வரும் என்று தெரியும். அதுவரைக்கும் நாங்கள் சொல்ல எதுவும் இல்லை, உங்கள் சாமியை வேண்டிக்கொள்ளுங்கள் என்றார்.

என் பெயர் வேலுத்தாய். எங்கள் குலசாமி பேச்சியம்மாளின் பிள்ளை என்று எட்டு வருடமாக நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். எனக்கு நடந்ததைச் சாமி கும்பிடுகிற உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். எல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக இருக்கும் என்று நினைத்துப் படிக்காதீர்கள். இதில் என் வயிற்றெரிச்சலும் இருக்கிறது. அதையும் அவளிடமே சொல்லிவிட்டேன். அதனால் உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்களுக்கு விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமம். மழை பொய்த்துப் பொய்த்து, ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பி, கடைசியில் பன்னிரண்டு குடும்பம் இந்தத் தொழிற்பேட்டையில் வந்து சேர்ந்தோம். கன்னியம்மா அக்கா என்று ஒருவர், ஆரம்பாக்கத்தில் பிறந்தவர், இங்கே வாழ்க்கைப்பட்டவர். அவர் கட்டி வைத்த வரிசை வீடுகளில்தான் எங்களில் பாதிப் பேர் குடியிருந்தோம். புது இடத்தில் நாங்கள் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். "வந்தாக, போனாக" என்று நாங்கள் சொன்னால் கடைக்காரர் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். ஆளுக்கொரு ஷிப்ட். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே கஷ்டம். கல்யாணத்துக்கு ஒரு சொல், சாவுக்கு ஒரு தோள், எதற்கும் கூடி நிற்க இடமில்லை.

அப்போதுதான் என் கூடப் பிறந்த அண்ணன் சீனிச்சாமி சொன்னான், "நம்ம பேச்சிய இங்க கொண்டாந்திருவோம்" என்று.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஊரை விட்டுப் போகிறவர்கள் குலசாமி கோயிலில் பூசை போட்டு, உத்தரவு கேட்டு, ஒரு கைப்பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டு வருவார்கள். பிடிமண் என்போம். வழியில் தரையில் வைக்கக் கூடாது. போய்ச் சேர்ந்த இடத்தில் அதை ஒரு கலயத்தில் இட்டு, புதைத்து, அதன் மேல் பீடம் போட்டால் அந்தச் சாமி அங்கே வந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணன் விரதமிருந்து ஊருக்குப் போனான். கன்னியம்மா அக்காவின் வீட்டுக்காரர் தன் மனைக்குப் பின்னால் ஒரு மூலையைக் கோயிலுக்கு விட்டுக் கொடுத்தார். அண்ணன் மண்ணோடு திரும்பும் அன்று பன்னிரண்டு குடும்பமும் குளித்துவிட்டு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் போய் நின்றோம். பெண்கள் குலவை போட நாக்கைத் தீட்டி வைத்திருந்தோம்.

சென்னையிலிருந்து வந்த வண்டியில் அவன் இல்லை. அடுத்ததிலும் இல்லை. கடைசியில் வடக்கேயிருந்து, சூலூர்பேட்டைப் பக்கமிருந்து வந்த வண்டியில் இறங்கினான். "அசந்து தூங்கிட்டேன். ஆரம்பாக்கம் வரைக்கும் போயிட்டு அடுத்த வண்டியில வாரேன்" என்றான். மடியில் மஞ்சள் முடிச்சு இருந்தது. நாங்கள் சிரித்தோம். பேச்சியே ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று நான்தான் கேலி பேசினேன். குலவை போட்டோம். என் குலவைதான் எல்லாவற்றிலும் சத்தம்.

அந்தத் தகரக் கொட்டகைதான் அப்புறம் எங்களுக்கு ஊரானது. புதிதாகப் பிழைக்க வருகிறவன் பையோடு முதலில் அங்கேதான் வந்து உட்காருவான். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்த வீடு காலி, எல்லாம் அந்த வாசலில்தான் தெரியும். பிள்ளைகளுக்கு மொட்டை போட்டதும் காது குத்தியதும் அங்கேதான். யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால், வெள்ளிக்கிழமைப் பூசையிலேயே யார் யார் போய் உடன் இருப்பது என்று முறை போட்டுவிடுவோம். கம்பெனிப் புகையில் தினமும் விடிந்தால் பேச்சி முகத்தில் கரித்தூள் படிந்திருக்கும். அதைக் கழுவி மஞ்சள் பூசுவது என் வேலை. பூசாரி என் அண்ணன். சாமி வந்து ஆடுவதும் அவன்தான். அவன் மேல் பேச்சி வந்து இறங்கினால் பெரிய பெரிய ஆம்பிளைகள் கூடக் கை கட்டி நிற்பார்கள்.

கோயில் திருவிழாவைக் கொடை என்போம். பங்குனியில் ஊரில் கொடை. முதல் வருடம் எல்லோரும் ஊருக்குக் கிளம்பத் தயாரானோம். அண்ணன் மேல் சாமி வந்து, "நான்தான் ஒங்களத் தேடி இங்க வந்துட்டேனே, என்னத் தேடி அங்க என்னத்துக்குப் போறீக?" என்று கேட்டது. அன்றோடு பங்குனிக் கொடைக்குப் போவதை நிறுத்தினோம். இருக்கிற கொஞ்ச லீவையும் இங்கே ஆடிப் பூசைக்கே வைத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு பங்குனியும் என் அம்மா போன் செய்வாள். "இந்த வருசமாச்சும் கொடைக்கு வாத்தா. ஒன் பங்குப் பொங்கச் சோறு எடுத்து வைப்பேன்" என்பாள். "பேச்சியே இங்க இருக்காம்மா, நீ இங்க வா" என்பேன். முட்டு வலியில் அவளால் ரயில் படி ஏற முடியாது. அது தெரிந்தும் சொல்வேன். அவ்வளவு திமிர் எனக்கு. ஆறாவது வருடம் கார்த்திகையில் அம்மா செத்துப்போனாள். போனோம், அழுதோம். தீட்டு என்பதால் கோயில் பக்கம் போகாமலே திரும்பி வந்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், மாற்றுத் துணி எடுக்க நான் ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். எங்கள் கோயில் ஆள் ஒருவர் அவருக்குத் துணையாக இருந்தார். ஊரில் யாருக்காவது கண்ணுக்கு வந்தால் பேச்சி கோயில் மண்ணைத் தண்ணீரில் குழைத்து நெற்றியில் பற்றுப் போடுவோம். என் சின்ன வயதில் எனக்குக் கண்வலி வந்தபோது அம்மா போட்டிருக்கிறாள். இங்கே பேச்சியின் மண் என்று இருப்பது கலயத்தில் இருப்பது மட்டும்தான். பீடத்துக்குப் பின்னால் ஒரு பலகைக் கல்லைத் தள்ளினால் கலயத்தின் வாய் தெரியும். பூசாரியைத் தவிர யாரும் தொடக் கூடாது. எனக்கு அப்போது கூடும் கூடாது எதுவும் தெரியவில்லை. கல்லைத் தள்ளினேன். கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன்.

மண் சிவப்பாக இருந்தது.

மணலும் சரளையும் கலந்த சிவப்பு மண். கரிசல் மண்ணை எனக்குத் தெரியாதா? மழை பெய்தால் செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்து இழுக்கும் மண். மை மாதிரிக் கறுப்பு. எத்தனை வருடம் கலயத்தில் கிடந்தாலும் கறுப்பு எப்படிச் சிவப்பாகும்?

அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தான். என் கையைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத மச்சானுக்குப் போட்டுறாத தாயி. அது நம்ம ஊரு மண்ணு இல்ல" என்றான்.

"பின்ன எந்த ஊரு மண்ணுண்ணே?"

"போனேன் தாயி. ஊருக்குப் போகத்தான் செஞ்சேன். சித்தப்பா கோயில் வாசல்லயே நிப்பாட்டிட்டாரு. ஊர வேண்டாம்னு போனவுகளுக்கு மண்ணு மட்டும் என்னத்துக்குன்னு கேட்டாரு. உள்ள விடல."

சித்தப்பாதான் ஊர்க் கோயிலை முன்னின்று நடத்துபவர். எங்களுக்கும் அவருக்கும் ரொம்ப நாளாகப் பேச்சு இல்லை.

"அத வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எல்லாரும் ஸ்டேஷன்ல நிப்பீகன்னு தெரியும். கும்மிடிப்பூண்டி வந்துச்சு. வெறுங்கையோட எறங்கக் காலு வரல. ஆரம்பாக்கம் போயி எறங்குனேன். ஏரிக்கரையில உக்காந்து அழுதேன். அங்க ஒரு வேப்பமரத்தடியில அள்ளுனதுதான் இது."

எட்டு வருடம். கரித்தூளைக் கழுவிக் கழுவி நான் மஞ்சள் பூசிய முகம். என் காதுக்குள் ரயில் ஓடுகிற சத்தம் கேட்டது. வடக்கேயிருந்து வந்த ரயில். பார்த்துக்கொண்டுதானே நின்றேன்? கேலி வேறு பேசினேனே.

"அப்ப ஒன் மேல வந்து ஆடுனது யாரு?" என்று கேட்டேன்.

"தெரியல தாயி. சத்தியமா எனக்கே தெரியல. ஏதோ வரும்." தலையைக் குனிந்துகொண்டான். "கொடைக்குப் போகாதீகன்னு சொன்னது மட்டும் நான். அது ஆத்தா சொன்னது இல்ல. போனா சித்தப்பா சொல்லிருவாருன்னு பயம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். எனக்குப் புரிந்துவிட்டது.

"தெரியும். சொல்லக் கூடாதுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டேன்."

மகன் மானத்தையும் காப்பாற்ற வேண்டும், மகளையும் உண்மையான பேச்சியிடம் வரவழைக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பொம்பளை வருடா வருடம் "இந்த வருசமாச்சும் வாத்தா" என்று கெஞ்சியிருக்கிறாள். நான் அவளுக்கு எகத்தாளம் பேசியிருக்கிறேன்.

கத்தினேன். அண்ணனை என்ன என்ன சொன்னேன் என்று இப்போது எழுத முடியாது. பிறகு பீடத்தைப் பார்த்துத் திரும்பினேன். "நீ யாருடி? என் மஞ்சளையும் என் பொங்கலையும் வாங்கித் தின்னுட்டு இம்புட்டு நாளா வாய மூடிக்கிட்டு இருந்தியே, நீ யாரு?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார், வேண்டிக்கொள்ள எனக்கு ஒரு சாமி கூட இல்லை. புருஷன் கண்ணையும் சாமியையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்தவளாக நின்றேன்.

சத்தம் கேட்டு கன்னியம்மா அக்கா ஓடி வந்தார்.

"இன்னாமே இது, சாமி முன்னாடி நின்னுக்கினு இப்டி கத்துற?"

சொன்னேன். அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "ஆரம்பாக்கத்துல எந்த ஏரிக்கரைப்பா? வேப்பமரத்துக் கீழ மூணு கல்லு நட்டு வெச்சிருக்குமே, அங்கியா?"

அண்ணன் தலையாட்டினான்.

"அடப்பாவி, அது எங்க எல்லையம்மாடா! எங்க நைனா வருசா வருசம் கூழு ஊத்துன எடம். கேட்டுக்கினு எடுக்கணும்னு தெரியாது உனுக்கு?" என்று கையை ஓங்கிவிட்டார். பிறகு ஓங்கிய கை அப்படியே நின்றது. பீடத்தைப் பார்த்தார். "தெக்கத்தி ஆளுங்க சாமி, நமக்கு இன்னாத்துக்குன்னு எட்டு வருசமா ஒரு கும்புடு போடாத போய்க்கினு வந்துக்கினு இருந்தேனே. எங்க ஆத்தாவ எங்க ஊட்டுப் பின்னாலயே குந்த வெச்சிட்டு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

அப்போதுதான் உறைத்தது. ஏமாந்தது நான் மட்டும் இல்லை.

கன்னியம்மா அக்கா என் கையிலிருந்த மண்ணை எடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். என் நெற்றிக்கும் கொண்டு வந்தார். நான் தட்டிவிட்டேன். "இன்னாமே வீம்பு? உன் ஊட்டுக்காரர் கண்ணா, உன் கோவமா, எது பெருசு?" என்றார். அதற்கு மேல் நான் முகத்தைத் திருப்பவில்லை. பட்டை போட்டுவிட்டார். மீதி மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டார்.

நான் அன்று செய்த வேண்டுதல் இதுதான். அழகாக எல்லாம் வேண்டத் தெரியவில்லை. "ஒன் பேரச் சொல்லிக் கும்பிடல. ஒன் மொறையும் தெரியாது. ஒனக்குக் கூழு ஊத்தணுமாம், நான் பொங்கல் வச்சேன். என்னய ஏமாத்துனாங்க, ஒன்னையும்தான் கேக்காம தூக்கிட்டு வந்துட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி மாட்டிக்கிட்டோம். எம் புருசன் கண்ணக் குடு." அவ்வளவுதான். ரயிலேறிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவரிடம் எதையும் சொல்லவில்லை. "பேச்சி கோயில் போனியா?" என்று கேட்டார். "போனேன்" என்றேன். மண் பற்று போடக் கூடாது என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தானே. நாட்கள் நகரவில்லை. எங்கள் பன்னிரண்டு குடும்பமும் முறை போட்டு வந்தார்கள். அவர்களுக்கும் இன்னும் எதுவும் தெரியாது. ஒவ்வொருவரும் "பேச்சி கைவிட மாட்டா" என்று சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு எரியும்.

பத்தாம் நாள் காலையில் கன்னியம்மா அக்கா முதல் ரயிலில் வந்து இறங்கினார். தூக்குச் சட்டியில் கூழ். முந்தின நாளே ஏரிக்கரைக்கும் போய், எங்கள் கொட்டகைக்கும் வந்து, இரண்டு இடத்திலும் ஊற்றிவிட்டு வந்திருக்கிறார். பொட்டலத்தைப் பிரித்து வராந்தாவிலேயே என் நெற்றியில் அந்தச் சிவப்பு மண்ணைப் பட்டையாக இட்டார். இந்தத் தடவை நான் தட்டிவிடவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா கட்டைப் பிரித்து, சவ்வை எடுத்து, ஏதோ மருந்து விட்டுத் துடைத்தார். "மெதுவா திறங்க. என்ன தெரியுது?"

வீட்டுக்காரர் இமையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். தண்ணீராக வழிந்தது. என் பக்கம் திரும்பினார். புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன வேலு, நெத்தியில செம்மண்ண அப்பியிருக்க? இது நம்ம ஊரு மண்ணு இல்லையே" என்றார்.

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சிரித்தேன். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த நிறம் என் நெஞ்சை உடைத்ததோ அந்த நிறத்தைத்தான் அவர் கண் முதலில் பார்த்தது. அவள் பதில் சொல்லிவிட்டாள். நான் யார் என்று கேட்டாயே, இதோ நான்தான் என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

வலது கண்ணில் பார்வை முழுசாகத் திரும்பிவிட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் மட்டும் தெரியும். உலை வேலை இனி முடியாது. அதே கம்பெனியில் ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கூட்டிச் சொல்ல மாட்டேன். கேட்டேன், கொடுத்தாள். அது சத்தியம்.

அண்ணன் அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு குடும்பத்தின் முன்னாலும் தானே எல்லாவற்றையும் சொன்னான். நான்தான் சொல்ல வைத்தேன். இரண்டு குடும்பம் அன்றோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். மறுநாள் அவனை ஆரம்பாக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மூன்று கல்லுக்கு முன்னால், கன்னியம்மா அக்காவின் சொந்தக்காரர்கள் நிற்க, "ஒன்னக் கேக்காம எடுத்துட்டேன் ஆத்தா, இப்பக் கேக்கேன், குடு" என்று விழுந்து கும்பிட்டான். அக்கா ஒரு பிடி அள்ளி என் முந்தானையில் போட்டார். "எடுத்துகினு போ. இனிமே அவ உனுக்கும் ஆத்தாதான்" என்றார். கலயத்தில் பழைய மண்ணோடு அதையும் சேர்த்தோம்.

பங்குனியில் எட்டு வருடத்துக்குப் பிறகு ஊர்க் கொடைக்குப் போனோம். கோயில் மேற்குச் சுவர் ஓரத்தில்தான் அம்மா எப்போதும் உட்காருவாள். அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். என் பங்குப் பொங்கல் சோற்றை நானே போய் வாங்கினேன். அண்ணன் கோயிலுக்குப் பின்னால் நின்று அழுதான். நான் போய்த் தேற்றவில்லை. மன்னித்துவிட்டாயா என்று பலரும் கேட்கிறார்கள். கண்ணைக் கேட்டேன், கொடுத்தாள். அண்ணனை மன்னிக்கும் மனசை இன்னும் நான் கேட்கவில்லை. என்றைக்காவது கேட்பேன்.

கிளம்பும்போது சித்தப்பா எங்களிடம் வந்தார். ரொம்பத் தளர்ந்துவிட்டார். "அன்னைக்குக் கோவத்துல மண்ணு இல்லேன்னுட்டேன். இப்ப எடுத்துக்கிட்டுப் போங்கத்தா" என்றார்.

பேச்சியைப் பார்த்தேன். அந்தக் கறுப்பு மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன், அம்மா வைத்துவிடுகிற மாதிரியே.

"வேண்டாம் சித்தப்பா. எங்களுக்கு இருக்கு" என்றேன்.

எந்த ஊரிலிருந்தோ பிழைக்க வந்து, நம் சாமி நம்மோடு வந்திருக்கிறதா என்று தெரியாமல் நிற்கிற அம்மாமார்களே, அய்யாமார்களே, ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கொட்டகைக்கு வாருங்கள். ஒடியாக்காரப் பெண்கள் இரண்டு பேர் கூட இப்போது வருகிறார்கள், அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிக் கும்பிடுகிறார்கள். அவளுக்குப் புரிகிறது. கோபமாக வந்தாலும் வாருங்கள், நான் அப்படித்தான் வந்தேன். ஆடியில் கூழும் ஊற்றுகிறோம், பொங்கலும் வைக்கிறோம்.

பின்னால் இருந்த பலகைக் கல்லை எடுத்துவிட்டோம். கலயம் இப்போது திறந்தே இருக்கிறது. வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம். சிவப்பாகத்தான் இருக்கும்.